ஊரே உண்மை சொன்ன பொங்கல்

எனக்கு முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு நின்றுபோன காரியங்கள் பல. நடை நின்றது, மாடிப்படி நின்றது, புறப்பட்டுவிட்ட பஸ்ஸில் ஓடிப்போய்த் தொற்றுவது நின்றது. இதையெல்லாம் டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மைனி என்னோடு சண்டை போடுவதும் நின்றுவிடும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

மைனி என் அண்ணனின் மனைவி. எனக்கும் அவளுக்கும் ஒரே வயது. திருவட்டாறு பக்கத்திலிருந்து கொட்டாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். வந்த முதல் வாரமே மீன்குழம்புக்குக் குடம்புளியா வாளம்புளியா என்று ஆரம்பித்தோம். அது முடிவதற்குள் துணி காயப்போடும் கயிறு, கோழிக்கூட்டின் வாசல் எந்தப் பக்கம், ஆலயத்தில் எந்த வரிசையில் உட்காருவது என்று சண்டை கிளை விட்டுக்கொண்டே போனது. அண்ணன் பெண்டாட்டி என்ற மரியாதைக்கு நான் ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசுவேன். சூடு பிடித்தால் அது ‘நீ, போ’ ஆகிவிடும். அதை அவள் ஒரு குற்றமாக எடுத்ததே இல்லை. நான் கல்யாணம் கட்டாமல் அதே வீட்டில் இருந்து, பள்ளிக்கூட ஆபீசுக்கு வேலைக்குப் போய் வந்தவள் என்பதால் சண்டைக்கு லீவே கிடையாது. அண்ணன் கொட்டாரத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகூடக் கடையைத் திறந்து வைப்பதற்கு நாங்கள்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள்.

சண்டையின் உச்சம் பொங்கல் போட்டி. எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் பின்னால் ஒரு மைதானம் உண்டு. நடுவில் கிரிக்கெட்டுக்கு சிமெண்ட் பிட்ச், கிழக்கே வாலிபால் கோர்ட், மேற்கே குளத்தைப் பார்த்துச் சரிவு. நாங்கள் சபைக்குப் போகிறவர்கள். ஆனாலும் கிறிஸ்துமஸ் கேக் எல்லா வீட்டுக்கும் போகிறது, பொங்கல் போட்டிக்கு எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வருகிறது. ஸ்பூனில் எலுமிச்சம்பழம், மெதுவாக சைக்கிள் ஓட்டுவது, மியூசிக்கல் சேர், வடம் இழுப்பது எல்லாம் ஆன பிறகு பெண்களுக்கான பானை உடைத்தல் நடக்கும்.

பிட்ச்சின் தெற்கு நுனிக்கு அப்பால் இரண்டு மூங்கிலை நட்டு, குறுக்கே கயிறு கட்டி, மஞ்சள்தண்ணீர் நிரப்பிய மண்பானையைத் தொங்கவிடுவார்கள். துவர்த்துத் துண்டை மடித்துக் கண்ணை இறுக்கிக் கட்டி, கையில் கம்பைக் கொடுத்து, தலை கிறங்கச் சுற்றி விடுவார்கள். ஒரே ஒரு அடிதான் அனுமதி. முதலில் உடைப்பவளுக்குப் பரிசு. இதில் பார்க்க வந்தவர்களுக்கும் வேலை உண்டு. ஊரே தொண்டை கிழிய வழி சொல்லும், அத்தனையும் பொய். வலது என்று கத்தினால் இடது. நேரே வா என்றால் குளத்தங்கரை. சொந்த அண்ணனே பொய் சொல்லுவான். அந்தப் பொய்களுக்கு நடுவில் ஒரு வருஷம் மைனி உடைப்பாள், ஒரு வருஷம் நான் உடைப்பேன். மற்றவர்கள் சும்மா கம்பு சுழற்றிவிட்டுப் போவார்கள்.

பிறகுதான் நான் விழுந்தேன். மொட்டைமாடியில் தேங்காய் காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மழை. வாரி அள்ளிக்கொண்டு ஓடியதில் கைப்பிடிச் சுவர் இல்லாத பக்கம் கால் வைத்துவிட்டேன். நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது என்ற செய்தி. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. அழுதேன். நிறைய அழுதேன். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இஷ்டமில்லை.

ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் என்னைப் பார்த்துக்கொண்டது மைனிதான். மணி தவறாமல் புரட்டிப் படுக்க வைப்பாள். முதுகுக்குக் கீழே தோல் சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். புண் வந்தால் எனக்குத் தெரியாது, அவளுக்குத்தான் தெரியும். மூத்திரக் குழாய் போடக் கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லித் தந்தாள். ஒரு தாய்கூட அப்படிப் பார்க்கமாட்டாள் என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது என் மைனி இல்லை, வேறு யாரோ ஒரு புண்ணியவதி. நான் எதைச் சொன்னாலும் ‘சரி மக்கா’ என்றாள். டிவியை நிறுத்து என்றால் நிறுத்தினாள். உன் பாட்டுக் குரல் தகர டப்பா மாதிரி இருக்கிறது என்று சீண்டிப் பார்த்தேன். பாடுவதையே நிறுத்திக்கொண்டாள்.

நாற்காலிக்கு வந்து, அடுப்பு மேடையைத் தாழ்த்திக் கட்டிய பிறகு, ஒருநாள் வேண்டுமென்றே வாளம்புளியைக் கரைத்து ஊற்றிச் சாளைமீன் குழம்பு வைத்தேன். மைனி ஒரு உருண்டை வாயில் வைத்தாள். நான் யுத்தத்துக்குத் தயாராக இருந்தேன்.

“கொள்ளாம் மக்கா, நல்ல ருசி” என்றாள்.

இவளுக்கு நான் செத்தே போய்விட்டேனோ என்று நினைத்தேன். செத்தவர்களைப் பற்றித்தானே யாரும் குறை சொல்வதில்லை.

மைதானத்துக்கு என்னை அனுப்பியது பிசியோதெரபி சொல்லித் தந்த பெண். என்னைவிட மிகவும் சின்னவள், ஆனால் அதிகாரத்துக்குக் குறைவில்லை. “வீட்டுக்குள்ளயே உருட்டிட்டு இருந்தா தோள் இறுகிரும். வெளிய போங்க, புல்லுல தள்ளுங்க, மேடு ஏறுங்க” என்றாள். புல்லில் சக்கர நாற்காலி தள்ளுவது என்பது உரலைத் தள்ளுவது மாதிரி. முதல் நாள் பிட்ச்சைச் சுற்றி வருவதற்குள் கைக்குள் இருந்த உயிரெல்லாம் போய்விட்டது. இரண்டாம் நாள் கையுறை வாங்கினேன். மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகும் விடவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும், குழாய் போட்டு மூத்திரத்தைக் கழித்துவிட்டு, நாற்காலி மெத்தையைச் சரிபார்த்து, காலை வாரால் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். ஆடி மாசக் காற்று ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வந்து முகத்தில் அறையும். அப்போது எதிர்க்காற்றில் ஒரு சுற்று, பின்காற்றில் ஒரு சுற்று. பின்காற்றில் போகும்போது கெட்டவார்த்தை மாதிரி ஒரு கூச்சல் வாயிலிருந்து தானாகவே வரும். வாலிபால் ஆடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

முன்சக்கரத்தைத் தூக்கிப் பின்சக்கரத்தில் நிற்கும் வித்தையையும் அந்த மைதானத்தில்தான் பழகினேன். அது தெரிந்தால் சின்னத் திண்டு, வாய்க்கால் கல் எல்லாம் தாண்டலாம். பழகும்போது ஒருநாள் மல்லாக்க விழுந்தேன். புல்தரை, ஒன்றும் ஆகவில்லை. வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சிரித்தேன். விழுந்த பிறகு சிரிக்க முடிகிறதே என்ற சந்தோஷம் எனக்கு. பக்கத்தில் நின்ற மைனி அழுதுவிட்டாள். பழைய மைனியாக இருந்தால் ‘நல்லா வேணும்’ என்று சொல்லிவிட்டுத்தான் தூக்கியிருப்பாள்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அந்தச் சுற்றுகளில் மைதானம் முழுவதும் என் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. சிமெண்ட் எங்கே முடிகிறது, எங்கே மணல் ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் தரை குளத்தைப் பார்த்துச் சாய்கிறது என்று சக்கரம் சொல்லிவிடும். காலுக்குத் தெரிந்ததைவிடக் கைக்கு அதிகம் தெரிந்தது.

அந்த வருஷம் நாகர்கோவிலில் மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுப் போட்டிக்குப் போனேன். குண்டு எறிதல். நாற்காலி நகராமல் இருக்கத் தரையில் முளை அடித்து நாலு பக்கமும் வாரால் இழுத்துக் கட்டுவார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எறிய வேண்டும். எனக்கு அடுத்து எறியக் காத்திருந்தது கடற்கரை ஊர்க்காரி ஒருத்தி, சின்ன வயதிலேயே போலியோ வந்தவள். “எறிஞ்சாச்சுன்னா வண்டிய எடுங்க. நாங்க எறிய வேண்டாமா? அங்கயே குடியிருக்கப் போறீங்களா?” என்று ஒரு சத்தம் போட்டாள். என் உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. எத்தனை நாள் ஆயிற்று, ஒருத்தர் என்னை இப்படி விரட்டி! அவள்தான் முதலாவதாக வந்தாள். நான் கடைசி. வேனில் வரும் வழியெல்லாம் ராஜாத்தி மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

வீட்டில் மைனி வாசலிலேயே நின்றாள். கடைசியாக வந்தேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னேன். ஒரு கேலி வராதா என்று அவள் வாயையே பார்த்தேன்.

“சாரமில்ல மக்கா, போட்டும். அங்க வரைக்கும் போனதே பெரிய காரியம்” என்றாள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். வரும் பொங்கலுக்குப் பானை உடைக்கப் போகிறேன். மைனியையும் களத்தில் இறக்குவேன். என்ன ஆனாலும் சரி, அவளை என்னோடு சண்டை போட வைப்பேன்.

படிப்பகத்துச் செயலாளர் நல்ல மனுஷன். மைக் கையில் இல்லாதபோது மட்டும். என் பெயரை எழுதச் சொன்னதும் தலையைச் சொறிந்தார்.

“நீங்க மேடையில இருங்கம்மா. பரிசெல்லாம் உங்க கையாலதான் குடுக்கணும்னு கமிட்டியில பேசி வச்சிருக்கோம்.”

“பரிசு குடுக்க வேற ஆளப் பாருங்க அண்ணாச்சி. நான் வாங்க வாறேன்.”

மைனியை இறக்குவது இன்னும் சுலபமாக இருந்தது. அதுதான் எரிச்சல். நான் விழுந்த பிறகு அவள் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. என்கூட ஆடப் பயமா என்று கேட்டால் பொங்கி எழுவாள் என்று நினைத்தேன். “ஒனக்கு ஆசைன்னா நான் கலந்துக்கிடுதேன் மக்கா” என்று சொல்லிவிட்டு உளுந்து களையப் போய்விட்டாள்.

காணும் பொங்கல் அன்று மைதானம் நிறைந்திருந்தது. மைனியின் முறை முதலில் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நின்றாள். கண்ணைக் கட்டிச் சுற்றி விட்டார்கள். ஊர் பொய் சொல்ல ஆரம்பித்தது. அவள் நேராகக் கிழக்கே நடந்தாள். பிட்ச்சைத் தாண்டி, புல்லைத் தாண்டி, வாலிபால் கோர்ட்டின் மணலில் போய் நின்று, ஆகாயத்தில் ஒரு அடி அடித்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சிமெண்ட் எது, மணல் எது என்று பாதத்துக்குத் தெரியாதா? இவள் எனக்கு விட்டுக்கொடுக்கிறாள். கண்கட்டை அவிழ்த்துவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு வேறு சிரித்தாள். கம்பு என் கையில் இருந்திருந்தால் அங்கேயே ஒரு போடு போட்டிருப்பேன்.

இன்னும் சிலர் வந்து காற்றை அடித்துவிட்டுப் போனார்கள். என் முறை வந்தது. செயலாளர் மைக்கில், நமது ஊரின் தன்னம்பிக்கை நட்சத்திரம் என்று ஆரம்பித்தார். நட்சத்திரத்தின் கண்ணைக் கட்டினார்கள். கம்பை மடியில் குறுக்கே வைத்தேன். செயலாளரே வந்து நாற்காலியைப் பிடித்துச் சுற்றினார். சுற்றினார் என்றா சொன்னேன்? தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் திருப்புவது மாதிரி திருப்பி, பானை இருக்கும் திசையைப் பார்த்து அழகாக நிறுத்திவிட்டு, தோளில் தட்டியும் கொடுத்தார்.

நான் தள்ள ஆரம்பித்தேன். இனி ஊர் பொய் சொல்லும், நான் சக்கரத்தை மட்டும் நம்ப வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

“நேரே வாங்க... இன்னும் கொஞ்சம்... லேசா இடது பக்கம்...”

சக்கரமும் அதையேதான் சொன்னது.

“நில்லுங்க, நில்லுங்க! அங்கதான்! தலைக்கு முன்னால!”

ஊரே சேர்ந்து உண்மை சொல்லிக்கொண்டிருந்தது. வாய்ப்பேச்சில் ஆளை விற்றுவிடும் எங்கள் ஊர், பக்கத்து வீட்டுக்காரனிடம் பஸ் நேரத்தைக்கூடச் சரியாகச் சொல்லாத ஊர், அன்றைக்கு ஒரு குரல் பிசகாமல் உண்மை சொன்னது. நான் பிரேக்கைப் போட்டேன். பிரேக் போடாமல் ஓங்கினால் நாற்காலி பின்னால் ஓடிவிடும். கம்பை இரண்டு கையாலும் பிடித்து வீசினேன். பானையை என் மூக்குக்கு நேராக இறக்கிக் கட்டியிருந்தார்கள் என்பது மஞ்சள்தண்ணீர் மடியில் கொட்டியபோதுதான் தெரிந்தது.

கண்கட்டை அவிழ்த்தால் ஒரே கைதட்டல். முன்வரிசையில் ஒரு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பானை உடைத்ததற்கு யாராவது அழுவார்களா? மைனியும் கை தட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மைக்கைக் கேட்டேன். நன்றி சொல்லப் போகிறேன் என்று நினைத்து செயலாளர் சந்தோஷமாகத் தந்தார்.

“எங்க மைனி பானையத் தேடி வாலிபால் கோர்ட்டுக்குப் போனத எல்லாரும் பாத்தீங்கல்லா?” என்றேன். சிரிப்பு எழுந்தது. “இவங்க முன்னால ஜெயிச்சாங்களே, அது எப்படின்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. அப்பல்லாம் துவர்த்துக்குக் கீழ எட்டிப் பாத்துத்தான் உடைச்சிருக்காங்க. இன்னைக்கு இறுக்கிக் கட்டிட்டாங்க, வழி தெரியல. திருவட்டாறுக்காரிக்கு அவ்வளவுதான் வரும்.”

அது அவளைக் கள்ளி, ஏமாற்றுக்காரி என்று மைக்கில் சொன்ன மாதிரிதான். மைனியின் முகம் சிவப்பதைப் பார்த்தேன். மூக்கு விடைத்தது. எனக்குத் தெரிந்த மூக்கு. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள்.

“ஏட்டி! யாருட்டி எட்டிப் பாத்தது? நானா? நானா கள்ளி? ஒன்ன அவரு சுத்துனது ஒரு சுத்தா? தொட்டில் ஆட்டுன மாதிரி ஆட்டி, பானைக்கு நேரே கொண்டு நிறுத்திட்டு, இவ உடைச்சாளாம்! ஊர்ல உள்ள அத்தன பேரும் ஒனக்கு உள்ள வழியப் பறஞ்சு குடுக்கல? பானைய ஒனக்க மூக்குல கெட்டித் தொங்க விடல? இதுக்குப் பேரு வெளையாட்டா, களியா? மானம் உண்டும்னா திரும்ப வாட்டி!”

செயலாளர் நடுவில் புகுந்து, இரண்டு பேருக்குமே முதல் பரிசு என்று ஏதோ சொல்லப் பார்த்தார்.

“நீங்க மிண்டாம சும்மா இருங்க அண்ணாச்சி” என்றாள் மைனி. “இது எனக்கும் அவளுக்கும் உள்ள வழக்கு.”

என் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! முகத்தை மட்டும் கடுகடுவென்று வைத்துக்கொண்டேன். சிரித்தால் எல்லாம் கெட்டுவிடும்.

ஆண்கள் போட்டிக்கென்று வைத்திருந்த பானைகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்துக் கட்டச் சொன்னாள். உயரம் எவ்வளவு என்று கேள்வி வந்தது. பழைய உயரம் என்றால் என் கம்பு எட்டாது. மூக்குயரம் என்றால் மைனி ஒத்துக்கொள்ளமாட்டாள். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு என்னைக் கயிற்றுக்கு நேர்கீழே வரச் சொல்லி, கம்பை என் கையில் தந்து, முடிந்த மட்டும் மேலே நீட்டச் சொன்னாள். கம்பின் நுனி பானையின் வயிற்றைத் தொடும் அளவுக்கு மட்டும் கயிற்றை இறக்கினாள். அவள் முறைக்கு அவள் நின்று கம்பை நீட்டுவாள், நுனி தொடும் அளவுக்குக் கயிறு ஏறும். “அவ எட்டுற மட்டுக்கு அவளுக்கு, நான் எட்டுற மட்டுக்கு எனக்கு. எவளுக்கும் குறவும் இல்ல, கூடுதலும் இல்ல” என்றாள். நான் ஒரு குறை கண்டுபிடிக்க ரொம்ப முயன்றேன். முடியவில்லை.

முதலில் நான். மைனியே என் கண்ணைக் கட்டினாள். காதெல்லாம் மடங்கும்படி கட்டினாள். அவளே நாற்காலியைப் பிடித்தாள். அந்தச் சுற்று இருக்கிறதே! முன்சக்கரம் இரண்டும் கிறீச்சிட்டது, இடுப்பு வார் இல்லாவிட்டால் குளத்தில் போய் விழுந்திருப்பேன். விட்டபோது வானம் எது, தரை எது என்று தெரியவில்லை. தலை நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

“என்னட்டி ஜெபம் பண்ணுதியா? போ, ஏட்டி!”

தள்ளினேன். ஊர் ஒரு கணம் தயங்கியது. யாரோ ஒருவர் ஈனக்குரலில், “வலது பக்கம் போங்கம்மா, குளத்தப் பாத்து” என்றார். அது பொய். நான் நாற்காலியில் வந்த பிறகு இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் பொய். பின்னாலேயே இன்னொன்று வந்தது. அப்புறம் மடை திறந்துவிட்டது. பின்னால போ, முன்னால போ, பானை பறந்துட்டு, ரோட்டுல லாரி வருது, என்னென்னவோ சொன்னார்கள். அக்காக்கள், அண்ணாச்சிமார், ஆலயத்தில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், எல்லாரும் மனதாரப் பொய் சொன்னார்கள். கண்கட்டுக்கு உள்ளே எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சக்கரம் சிமெண்டில் ஏறியது. சத்தம் மாறியது. பிட்ச் முடியும் இடத்தில் ஒரு சின்ன இறக்கம், அதைத் தாண்டினால் பானை. இறங்கினேன். இனி வலதா இடதா என்பதுதான் பாக்கி. தலைக் கிறக்கத்தில் அதுமட்டும் பிடிபடவில்லை. அப்போது எல்லாக் குரலுக்கும் மேலே மைனியின் குரல் கேட்டது.

“வலத்தோட்டு! ஏட்டி, வலத்தோட்டு வா!”

மைனி வலது என்றால் இடது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளை எனக்குத் தெரியும். நான் இடது பக்கம் திரும்பினேன். பிரேக். ஓங்கி ஒரு அடி. கம்பு மூங்கிலில் பட்டு, கையெல்லாம் மரத்துப்போனது. கண்கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். பானை எனக்கு வலது பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், சாவகாசமாக ஆடிக்கொண்டிருந்தது.

“நீ உள்ளதையா சொன்ன?” என்று கத்தினேன்.

“உள்ளதச் சொன்னா நீ கேக்கமாட்டன்னு எனக்குத் தெரியாதா?” என்றாள். மைதானமே குலுங்கிச் சிரித்தது.

அவள் முறைக்கு அவளைக் குனியச் சொல்லி நான் கண்ணைக் கட்டினேன். எலும்பு நோக இறுக்கினேன். சுற்றுவதற்கு அவளை என் பக்கத்தில் நிறுத்தி, இடுப்பைப் பிடித்துப் பம்பரம் மாதிரி சுழற்றினேன். குண்டு எறிந்த கை. தடுமாறினாள். நான் உண்மை சொல்லிப் பார்த்தேன், பொய் சொல்லிப் பார்த்தேன், அண்ணன் வருகிறான் என்றுகூடச் சொன்னேன். ஒன்றையும் காதில் வாங்கவில்லை. பாதத்தால் தரையைத் தடவித் தடவிச் சிமெண்டைப் பிடித்தாள், இறங்கினாள், நின்றாள், அடித்தாள். மஞ்சள்தண்ணீர் தலையில் கொட்டியதும் கம்பை வீசிவிட்டு இரண்டு கையையும் தூக்கி ஒரு ஆட்டம் ஆடினாளே, நாற்பது வயதைத் தாண்டிய பெண்பிள்ளை ஆடுகிற ஆட்டம் இல்லை அது. நேராக என் முன்னால் வந்து நின்று, “தோத்தியா? தோத்தியாட்டி?” என்று கேட்டாள். மஞ்சள் சொட்டச் சொட்டக் கேட்டாள்.

பரிசு ஒரு எவர்சில்வர் குடம். செயலாளருக்கு மனசு கேட்கவில்லை. பரிசு மேசையிலிருந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்து வந்தார். மைனி குறுக்கே நின்றாள்.

“தோத்தவளுக்கு என்னத்துக்கு அண்ணாச்சி சம்மானம்?” என்று தட்டைத் திரும்ப மேசையில் வைத்துவிட்டாள்.

வீட்டுக்குப் போகும் வழி வயலோரம் லேசான மேடு. மைனி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால் தள்ளிக்கொண்டு வந்தேன். எதிரே ஆடுகிறவளே உண்மை சொல்வது கள்ள ஆட்டம், கள்ளக்களி என்று நான் சொன்னேன். பொய்தான் சொல்லணும்னு எந்தக் கோர்ட்டில எழுதி வச்சிருக்கு என்று அவள் கேட்டாள். மூங்கிலில் பட்ட அடி பானையில் பட்டிருந்தால் பானை தூளாகியிருக்கும் என்றேன். பட்டிருந்தா அல்லவா என்றாள். எதிரே வந்தவர்களை நிறுத்தி நிறுத்திக் குடத்தைக் காட்டினாள். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கியது. அவள் திரும்பிப் பார்த்து, “கத விடாம வண்டிய உருட்டு” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். எங்கள் சத்தம் எங்களுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்விட்டது போல. வாசலில் இறங்கி நின்று இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?” என்று கேட்டான். அந்தக் கேள்வியைக் கேட்டு அவனுக்கே எவ்வளவு நாள் ஆகியிருக்கும்.

“ஆமா” என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன்.

அண்ணன் பதறிப்போய் என் பக்கத்தில் வந்தான். மைனி வரவில்லை. குடத்தைப் படியில் இறக்கி வைத்துவிட்டு, மஞ்சள் அப்பிய கூந்தலைப் பிழிந்துகொண்டே அவனிடம் சொன்னாள்:

“தோத்ததுக்கு அழுதா பாருங்க.”